அளவுகோலும் ஆசிரியர் ஊதியமும்

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் ஊதியத்தை முடிவுசெய்வன இரண்டே செய்திகள்: எந்தத் தகுதியோடு எந்தப் பதவியில் அவர் சேர்ந்தார் என்பது ஒன்று, சேர்ந்து எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பது மற்றொன்று. ஆண்டுக்கு ஒருமுறை அடிப்படை ஊதியத்தில் 3 விழுக்காடு உயர்வு, விலைவாசிக்கேற்ற அகவிலைப்படி, தமிழ்நாட்டில் பத்தாண்டுப் பணி முடித்தவருக்குத் தேர்வு நிலை, இருபதாண்டு முடித்தவருக்குச் சிறப்பு நிலை என்று படிக்கட்டு முன்கூட்டியே கட்டப்பட்டிருக்கிறது. அதில் ஏறுவதற்கு ஆண்டுகள் நகர்ந்தால் போதும். ஒரே பள்ளியின் அடுத்தடுத்த அறைகளில், ஒருவர் மணி அடித்த பிறகும் கணக்கு வராத குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பவராகவும், மற்றவர் கரும்பலகையில் ஒரு பயிற்சியை எழுதிப்போட்டுவிட்டு நாளிதழைப் பிரிப்பவராகவும் இருந்தாலும், ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்களாயின் மாதக் கடைசியில் இருவர் வங்கிக் கணக்கிலும் வந்து விழும் தொகை ஒன்றே. இது நீதியற்றது என்று பார்ப்பவருக்குத் தோன்றுவது இயல்பு. செயல்திறனுக்கேற்ற ஊதியம் வேண்டும் என்னும் கோரிக்கை பிறப்பது அந்த இடத்தில்தான்.

செயல்திறனுக்கேற்ற ஊதியம் என்பது, ஆசிரியர் பெறும் பணத்தின் ஒரு பகுதியையாவது அவருடைய வேலையின் விளைவோடு பிணைக்கும் ஏற்பாடு ஆகும். விளைவு என்பதற்குப் பெரும்பாலும் மாணவரின் தேர்வு மதிப்பெண்ணே பொருளாகக் கொள்ளப்படுகிறது. சில இடங்களில் மேலதிகாரி வகுப்பறையை நேரில் கண்டு இடும் மதிப்பீடும், ஆசிரியரின் வருகைப் பதிவும் அதனுடன் சேர்க்கப்படுவதுண்டு. பணத்தை ஆசிரியருக்குத் தனித்தனியாகத் தரலாம், பள்ளிக்கு மொத்தமாகத் தந்து பங்கிட்டுக்கொள்ளச் சொல்லலாம், நிலையான ஊதியத்தின் மேல் ஊக்கத்தொகையாகத் தரலாம், ஆண்டு உயர்வையே நிறுத்திவைத்துத் தண்டமாகவும் ஆக்கலாம். ஆசிரியருக்குக் கூடுதல் பணம் காட்டினால் கூடுதலாக உழைப்பாரா என்பதே இவ்விவாதத்தின் மையக் கேள்வியாகப் பொதுவில் கருதப்படுகிறது. ஆனால் ஏறத்தாழ 160 ஆண்டு அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தால், இத்தகைய திட்டங்கள் பிழைத்ததும் கவிழ்ந்ததும் எதை அளந்து பணம் கொடுத்தார்கள், அளவுகோலை யார் கையில் கொடுத்தார்கள் என்பதைப் பொறுத்தே அமைந்திருப்பது தெரிகிறது.

இந்த அனுபவத்தின் தொடக்கம் இங்கிலாந்தில் இருக்கிறது. கல்விக்கான அரசு மானியம் ஆண்டுதோறும் பெருகிவருவதைக் கண்டு கலங்கிய அந்நாட்டு அரசு, 1862இல் ராபர்ட் லோ என்பவரின் பொறுப்பில் ‘திருத்திய விதித்தொகுப்பு’ என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி, தொடக்கப் பள்ளிக்குக் கிடைக்கும் பணம் ஒவ்வொரு குழந்தையின் தேர்ச்சியையும் பொறுத்ததாயிற்று. சராசரி வருகைக்காகத் தலைக்கு 4 ஷில்லிங்; இருநூறு வேளைகளுக்கு மேல் பள்ளிக்கு வந்த குழந்தை ஆய்வாளர் முன் தேர்வெழுதித் தேறினால் மேலும் 8 ஷில்லிங்; வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் ஒன்றில் தவறினாலும் அதற்காக 2 ஷில்லிங் 8 பென்ஸ் பிடித்தம். திட்டம் செலவு மிகுந்ததாக அமைந்தால் திறமையுடையதாக இருக்கும், திறமையற்றதாக அமைந்தால் செலவாவது குறையும் என்பது லோ நாடாளுமன்றத்தில் முன்வைத்த வாதம். செலவு குறைந்தது என்பதில் ஐயமில்லை: ஆண்டுக்கு 8 லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்த மானியம் சில ஆண்டுகளில் 7 லட்சத்துக்கும் கீழே இறங்கியது.

வகுப்பறையில் நடந்தது வேறு. ஆய்வாளர் வரும் நாளே ஆண்டின் ஒரே முக்கியமான நாளாகிவிட்டபடியால், வாசிப்புப் புத்தகத்தைக் குழந்தைகள் முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மனப்பாடம் செய்தனர். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் பிழையின்றி ‘வாசித்த’ குழந்தைகள் இருந்ததாகச் சொல்லப்படுவது அக்காலத்தின் புகழ்பெற்ற கதை. காய்ச்சலில் கிடந்த குழந்தைகளும் மானியம் போய்விடுமே என்பதற்காக அன்று பள்ளிக்குத் தூக்கிவரப்பட்டனர். பணம் கிடைக்காத வரலாறும் புவியியலும் முதலில் பாட வேளையிலிருந்து உதிர்ந்தன. பிறகு அவற்றுக்கும் தனிக் கட்டணம் சேர்க்கப்பட்டபோது திரும்பி வந்தன என்பதே அந்த ஏற்பாட்டின் இயல்பை முழுமையாகக் காட்டிவிடுகிறது. கவிஞரும் திறனாய்வாளருமான மாத்யூ ஆர்னால்டு, 1851 முதல் 1886 வரை பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றியவர்; தம்மைத் தேர்வுக் கருவியாக மாற்றிய இந்த முறையைத் தொடக்கத்திலிருந்தே அவர் கடுமையாக எதிர்த்து எழுதிவந்தார். 1890 முதல் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, அந்நூற்றாண்டு முடிவதற்குள் அது கைவிடப்பட்டது.

அந்த ஏற்பாடு கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1860களின் பிற்பகுதியில், ஊர்த் திண்ணைகளில் பள்ளி நடத்திவந்தவர்களையும் அரசின் பார்வைக்குள் கொண்டுவருவதற்கான வழியாக, தேர்ச்சி பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப மானியம் வழங்கும் முறை இங்கே கடைப்பிடிக்கப்பட்டது. அறுவடையில் நெல்லாகவும், நல்ல நாளில் வேட்டி துண்டாகவும் ஊரார் கொடுப்பதைப் பெற்று வாழ்ந்த திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு, தேர்வாளர் வரும் நாளில் தேறும் தலைக்கு இவ்வளவு என்ற ரொக்கக் கணக்கு முற்றிலும் புதியது. 1882இல் அமைந்த ஹன்டர் கல்விக் குழு, தொடக்கப் பள்ளிகளுக்கு இந்த முறையைப் பெருமளவில் பின்பற்றலாம் என்றும் கல்லூரிகளுக்கு அது கூடாது என்றும் பரிந்துரைத்தது. எழுத்தறிவிக்கும் ஏழை ஆசிரியருக்குப் பொருந்துவது பேராசிரியருக்கு ஏன் பொருந்தாமற் போயிற்று என்பது இன்றைக்கும் கேட்கத்தக்க கேள்வியே. கர்சன் பிரபு காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானம் 1904இல் வெளிவந்தபோது, தேர்ச்சிக்கேற்ற மானியம் இந்தியாவிலும் கைவிடப்பட்டது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, அதே கருத்து அறிவியல் சோதனை என்னும் புதிய வடிவில் ஆந்திரப் பிரதேசத்துக்குத் திரும்பி வந்தது. பிரிக்கப்படாத ஆந்திராவின் 5 மாவட்டங்களில், 500 கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பொருளியலாளர்களான கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 2005இல் தொடங்கிய ஆய்வு, இத்துறையில் உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகளுள் ஒன்று. மாநில அரசு, அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, உலக வங்கி ஆகியவை அதில் பங்கேற்றன. பள்ளிகள் குலுக்கல் முறையில் தலா 100 கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. குலுக்கல் முறை என்பதன் நோக்கம், குழுக்களிடையே தொடக்கத்தில் வேறுபாடு இல்லாதபடி பார்த்துக்கொள்வது. அப்படிச் செய்தால்தான் பின்னர் காணப்படும் வேறுபாட்டைத் திட்டத்தின் விளைவு என்று சொல்ல இயலும். முதல் குழுவில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனி ஊக்கத்தொகை. இரண்டாவதில் பள்ளி முழுமைக்கும் பொதுவான ஊக்கத்தொகை. மூன்றாவதில் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர். நான்காவதில் கற்றல் பொருள்களுக்கான ரொக்க மானியம். ஐந்தாவது குழு ஒன்றும் பெறாமல், மற்றவற்றோடு ஒப்பிடுவதற்காக அப்படியே விடப்பட்டது.

கணக்கு எளிமையானது. ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவருக்குத் தேர்வு வைக்கப்படும். சராசரி மதிப்பெண் 5 விழுக்காட்டுக்கு மேல் எவ்வளவு உயர்கிறதோ, அதில் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 500 ரூபாய். ஒரு வகுப்பின் சராசரி 15 விழுக்காடு உயர்ந்தால் ஆசிரியருக்குக் கிடைப்பது 5,000 ரூபாய். உயராவிட்டால் ஒன்றும் இல்லை, பிடித்தமும் இல்லை. சராசரியாக வழங்கப்பட்ட தொகை ஆண்டு ஊதியத்தில் 3 விழுக்காடு அளவுதான் என்பதை மறக்கக் கூடாது. பரிசு, வகுப்பின் மொத்த மதிப்பெண்ணுக்கு வழங்கப்படாமல் உயர்வுக்கு வழங்கப்பட்டதால், படித்த பெற்றோரின் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்குத் தனி ஆதாயம் இல்லாமற் போயிற்று. வினாத்தாளை ஆசிரியர் எழுதவில்லை, தேர்வை அவர் நடத்தவில்லை, விடைத்தாளை அவர் திருத்தவுமில்லை. எல்லாவற்றையும் வெளியார் செய்தனர். வினாக்களிலும், பாடநூலில் உள்ளபடியே கேட்கப்படுவனவும், அதே கருத்தை மாற்றுக் கோணத்தில் சோதிப்பனவும் கலந்திருந்தன. மக்கான பிள்ளையைத் தேர்வு நாளன்று வீட்டிலேயே இருக்கச் சொல்லும் பழைய உத்தியும் பலிக்காது. தொடக்கத் தேர்வை எழுதிய குழந்தை இறுதித் தேர்வுக்கு வராவிட்டால், குறைந்த மதிப்பெண் பெற்றதாகவே கணக்கில் ஏறும்.

இரண்டாண்டு முடிவில், ஊக்கத்தொகைப் பள்ளிகளின் மாணவர்கள் கணக்கில் 0.27, மொழியில் 0.17 திட்ட விலக்க அளவு முன்னேறியிருந்தனர். திட்ட விலக்கம் என்பது, மாணவரின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் புள்ளியியல் அலகு. எளிதாகச் சொன்னால், 100 மாணவர் வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு குழந்தை, கணக்கில் ஏறத்தாழ பத்துப் பேரைத் தாண்டி முன்னே போய் நிற்பதற்கு இது சமம். பணம் எதுவும் வைக்கப்படாத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட அம்மாணவர்கள் மேம்பட்டிருந்தனர் என்பதால், ஒன்றைப் பெருக்க மற்றொன்றைக் கைவிட்டனர் என்னும் குற்றச்சாட்டு அங்கே எழவில்லை. அதே அளவு பணத்தைக் கூடுதல் ஆசிரியராகவோ கற்றல் பொருளாகவோ பெற்ற பள்ளிகள் இந்த அளவுக்கு உயரவில்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோது, தனிநபர் ஊக்கத்தொகை பெற்ற பள்ளிகளின் முன்னேற்றம் பெருகியது. பொதுத் தொகை பெற்ற பள்ளிகளின் வேகம் மட்டுப்பட்டது. பொதுக் குளத்தில் பால் ஊற்றச் சொன்னால் எல்லாரும் நீரை ஊற்றிய கதை தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

ஆனால் அந்த ஆய்வின் மிகச் சுவையான கண்டுபிடிப்பு மதிப்பெண்ணைப் பற்றியது அன்று. முன்னறிவிப்பின்றிப் பள்ளிக்குச் சென்று பார்த்தபோது, ஊக்கத்தொகை பெறும் ஆசிரியர்கள் மற்றவரைவிடக் குறைவாக விடுப்பெடுத்தவர்களாகத் தெரியவில்லை; வராத ஆசிரியர் வராமலேதான் இருந்தார். வந்த நாள்களில் என்ன செய்தார் என்பதில்தான் மாற்றம். கூடுதல் வீட்டுப்பாடம் கொடுத்தது, பள்ளி நேரத்துக்குப் பிறகு வகுப்பெடுத்தது, மாதிரித் தேர்வு வைத்தது, பின்தங்கிய குழந்தையைக் கவனித்தது என அவர்களே பட்டியலிட்டனர். அரசு ஊதியம் முழுமையாகக் கைக்கு வந்துகொண்டிருந்தபோது ஏன் இவை நடக்கவில்லை, ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஏன் நடக்கவைத்தது என்பதற்கு, ஒரு பகுதி விடை கவனிப்பில் இருக்கலாம்: குழந்தை கற்றதா என்று எவரோ ஒருவர் கேட்கத் தொடங்கினார். பணம் அந்தக் கேள்விக்குப் போடப்பட்ட முத்திரை.

வராத ஆசிரியரை வரவழைக்கும் சோதனை ராஜஸ்தானில் நடந்தது. உதய்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்னும் தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில், ஆசிரியருக்கு ஒரு கேமரா கொடுக்கப்பட்டது. காலையில் பள்ளி தொடங்கும்போதும் மாலையில் முடியும்போதும் மாணவர்களுள் ஒருவர், ஆசிரியரையும் மற்றப் பிள்ளைகளையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். படத்தில் நாளும் நேரமும் பதிந்துவிடும், அதை மாற்ற இயலாது. இரு படங்களுக்கும் இடையே குறிப்பிட்ட நேரம் கழிந்திருந்து, போதிய பிள்ளைகளும் தென்பட்டால்தான் அன்றைய நாள் வேலைநாள். மாதத்துக்கு 1,000 ரூபாய் என்னும் அடிப்படையில், குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் வந்தால் நாளுக்கு 50 ரூபாய் கூடும், குறைந்தால் 50 ரூபாய் குறையும். எஸ்தர் டஃப்லோ முதலிய பொருளியலாளர்கள் ஆய்ந்தபோது, 42 விழுக்காடாக இருந்த ஆசிரியர் இன்மை 21 விழுக்காடாகப் பாதியாகியிருந்தது. மாணவர் மதிப்பெண்ணும் 0.17 திட்ட விலக்கம் உயர்ந்தது. ஆசிரியரின் கெட்டிக்காரத்தனம், மேலதிகாரியின் தாட்சண்யம் ஆகிய எதற்கும் இடமில்லாத அளவுகோல் அது. வந்தாரா இல்லையா என்பதைக் கேமரா சொல்லிவிடும். கற்றாரா இல்லையா என்பதைச் சொல்லும் கேமரா இன்னும் வரவில்லை.

அமெரிக்காவில் கதை மாறுகிறது. டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், நடுநிலை வகுப்புகளின் கணித ஆசிரியர் ஏறத்தாழ 300 பேரிடம், மாணவர் மதிப்பெண்ணை உயர்த்தினால் ஆண்டுக்கு 15,000 டாலர்வரை தருவதாக 2006இல் தொடங்கி மூன்று கல்வியாண்டுகள் சோதனை நடந்தது. பெரிய தொகை, கவனமான ஆய்வு, ஆயினும் முடிவில் ஊக்கத்தொகைக் குழுவுக்கும் மற்றக் குழுவுக்கும் பொதுவான வேறுபாடு ஒன்றும் தென்படவில்லை. நியூயார்க் நகரம் 2007 முதல் சுமார் 200 பள்ளிகளில், இலக்கை எட்டிய பள்ளிக்குத் தொழிற்சங்க உறுப்பினர் ஒருவருக்கு 3,000 டாலர் வீதம் வழங்கியது. பங்கிடும் உரிமை பள்ளிக் குழுவிடமே விடப்பட்டபோது பெரும்பாலான பள்ளிகள் ஏறத்தாழச் சமமாகவே பிரித்துக்கொண்டன. மாணவர் கற்றலில் பயன் இல்லை என்று இருவேறு ஆய்வுகள் சொன்ன பிறகு, 2011இல் திட்டம் கைவிடப்பட்டது.

ஆந்திராவில் பலித்தது நாஷ்வில்லில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு, அங்குள்ள ஆசிரியர் பேராசையற்றவர் என்பது விடையாகாது. ஏற்கெனவே தவறாமல் பள்ளிக்கு வந்து, தமக்குத் தெரிந்த அளவில் முழுமூச்சாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒருவருக்குக் கூடுதல் பணம் கூடுதல் திறமையைத் தந்துவிடாது. பின்னங்களை எப்படிப் புரியவைப்பது என்று தெரியாதவருக்கு 15,000 டாலர் அதைக் கற்றுக்கொடுக்காது. உழைப்பில் இடைவெளி இருக்கும் இடத்தில் மட்டும் ஊக்கத்தொகைக்கு நுழைய வழி உண்டு. பன்னாட்டுத் தேர்வான பீசாவின் தரவுகளை வைத்து, பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2012இல் வெளியிட்ட குறிப்பும் இதனோடு ஒத்துப்போகிறது: செயல்திறனுக்கேற்ற ஊதியத்துக்கும் மாணவர் தேர்ச்சிக்கும் பொதுவான தொடர்பு இல்லை, ஆசிரியர் ஊதியம் குறைவாக உள்ள நாடுகளில் மட்டும் அத்தகைய ஏற்பாடு உள்ள இடங்கள் ஓரளவு மேம்பட்டும், ஊதியம் நன்றாக உள்ள நாடுகளில் அதற்கு எதிர்மாறாகவும் இருந்தன.

ஊதியத்தை நிபந்தனையின்றி உயர்த்தினால் போதுமே என்பாருக்கும் விடை கிடைத்திருக்கிறது. இந்தோனேசியா 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியரின் ஊதியத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. ஆசிரியரின் மனநிறைவு கூடியது, வயிற்றுப்பாட்டுக்காக இரண்டாவது வேலை பார்ப்பது குறைந்தது, மாணவரின் கற்றலில் மாற்றம் ஏதும் இல்லை. ஆந்திர ஆய்வின் மூன்றாம் குழுவும் இங்கே நினைவுகூரத்தக்கது: நிரந்தர ஆசிரியரின் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெற்ற ஒப்பந்த ஆசிரியர்கள், கற்பித்தலில் அவர்களுக்குச் சளைத்தவர்களாக இல்லை. ஒப்பந்த ஆசிரியரை அற்பக் கூலிக்கு வைத்துக்கொள்ள இது நியாயம் தருகிறது என்று நிதித்துறை அதிகாரிகள் படித்துவிடக் கூடும். ஊதிய அளவுக்கும் கற்பித்தலுக்கும் இடையிலுள்ள கயிறு எவ்வளவு தளர்ந்து கிடக்கிறது என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை.

இனி, அளவுகோலின் நோய்களைப் பார்க்கலாம். பொருளியலுக்கான நோபல் பரிசை 2016இல் பெற்ற பெங்க்ட் ஹோம்ஸ்ட்ரோம், பால் மில்கிரோம் என்பவருடன் இணைந்து 1991இல் எழுதிய கட்டுரையில், பல பணிகளைச் சேர்ந்தாற்போலச் செய்ய வேண்டிய வேலையை எடுத்துக்கொண்டு, அவற்றுள் எளிதில் அளக்கக்கூடிய ஒன்றுக்கு மட்டும் பணம் வைத்தால், அளக்க இயலாத மற்றப் பணிகளிலிருந்து உழைப்பு வடிந்துவிடும் என்று காட்டினார். அங்கே அவர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டவர் ஆசிரியரே. பெருக்கல் வாய்பாட்டைத் தேர்வு அளக்கும். பக்கத்துப் பையனை அடித்துவிட்டு வந்த சிறுவனை உட்காரவைத்துப் பேசியதையும், பெரியவளான பிறகு பள்ளிக்கு வராமல் நின்ற பெண்ணின் வீட்டுக்குப் போய்த் தாயிடம் மன்றாடி அழைத்துவந்ததையும் எந்த வினாத்தாளும் அளப்பதில்லை. உளவியலாளர் டொனால்டு கேம்பல் 1970களில் சொன்ன விதி இதற்கு ஒருபடி மேலே போகிறது: ஓர் எண்ணைக் கொண்டு முடிவுகள் எடுக்கத் தொடங்கியதும், அந்த எண்ணே கெட்டுப்போகிறது; எதை அளக்க அது வந்ததோ அதையும் கெடுக்கிறது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரம் இவ்விதிக்கு உரையெழுதியது. மதிப்பெண் இலக்கை எட்டினால் ஊக்கத்தொகையும் பாராட்டும், எட்டாவிட்டால் வேலைக்கு ஆபத்தும் என்றிருந்த சூழலில், 2009ஆம் ஆண்டுத் தேர்வில் மாணவரின் தவறான விடைகளை அழித்துச் சரியான விடைகளைக் குறித்தவர்கள் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் என்பது, விடைத்தாளில் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருந்த அழிப்புத் தடங்களால் வெளிப்பட்டது. 2011இல் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை 44 பள்ளிகளையும் 178 கல்விப் பணியாளரையும் சுட்டியது. 2015இல் 11 பேர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். இந்தியாவில் பணமே வைக்காமலும் எண் கெடுகிறது என்பதற்குச் சான்று உண்டு. மத்தியப் பிரதேச அரசு பள்ளிகளில் நடத்திய ‘பிரதிபா பர்வ்’ மதிப்பீட்டின் வினாக்களையே பொருளியலாளர் அபிஜீத் சிங் தனியாக மீண்டும் கேட்டுச் சோதித்தபோது, அரசுப் பதிவில் ஏறியிருந்த மதிப்பெண்கள் மிக மிகையானவை என்பது தெரிந்தது. தேர்வு நடத்தியவரும் திருத்தியவரும் பதிவுசெய்தவரும் பள்ளிக்குள்ளேயே இருந்தனர்; ஒரு ரூபாய்கூடப் பந்தயத்தில் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த நோய் புதியதன்று. இங்கே ஊதியத்துக்குப் பதிலாகப் பள்ளியின் பெயரும் சேர்க்கைக் கட்டணமும் பந்தயப் பொருளாக இருந்தன. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பதாகை வைப்பதற்காக, 11ஆம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டு உருப்போடவைப்பது தனியார் பள்ளிகள் பலவற்றின் வழக்கமாகி, அதைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கமும் 2017இல் நிறுத்தப்பட்டது. ஓர் அளவுகோல் வளைந்ததைச் சரிசெய்ய இன்னோர் அளவுகோலை நட வேண்டியிருந்தது.

வளையாத கோலை நுட்பமான கணிதத்தால் செய்துவிடலாம் என்று நம்பியோரும் உண்டு. மாணவரின் முந்தைய மதிப்பெண், குடும்பச் சூழல் முதலியவற்றைக் கழித்துவிட்டு, எஞ்சும் உயர்வை ஆசிரியரின் பங்காகக் கொள்ளும் ‘கூட்டிய மதிப்பு’ என்னும் முறை 1990களில் டென்னசியில் தொடங்கிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2014இல் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது: மதிப்பெண் வேறுபாடுகளில் ஆசிரியரைச் சார்ந்தது 1 முதல் 14 விழுக்காடுவரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாக அது குறிப்பிட்டது. வகுப்பில் முப்பது பிள்ளைகளே இருக்கும்போது, இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒருவரின் தந்தை வேலையிழந்தாலும் சராசரி அசைந்துவிடும். ஓராண்டு ‘சிறந்தவர்’ எனக் கணிக்கப்பட்ட ஆசிரியர் அடுத்த ஆண்டு நடுவரிசைக்கு இறங்குவதற்கு அவர் ஒன்றும் செய்யாமலிருந்தாலே போதும்.

இங்கிலாந்து தன் பழைய பாடத்தை மறந்து, 2013 முதல் ஆசிரியரின் ஆண்டு ஊதிய உயர்வை ஆண்டு மதிப்பீட்டோடு பிணைக்குமாறு பள்ளிகளைக் கட்டாயப்படுத்தியது. தாள் வேலை பெருகியதும், தலைமையாசிரியருக்கும் ஆசிரியருக்கும் இடையே உறவு கசந்ததும் நீங்கலாகப் பெரிய பயன் காணாத நிலையில், 2024 செப்டம்பரில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இதற்கு எதிர்ப்பக்கம் ஆப்பிரிக்கா நிற்கிறது. ருவாண்டாவில் நடந்த ஒரு சோதனையில், வருகை, பாடத் தயாரிப்பு, வகுப்பறைச் செயல், மாணவர் கற்றல் ஆகிய நான்கையும் சேர்த்து மதிப்பிட்டுத் தந்த ஊக்கத்தொகை நற்பயன் விளைத்தது. தான்சானியாவில் பள்ளிக்கு மானியம் மட்டும் தந்தது பலன் தரவில்லை, மானியத்தையும் ஊக்கத்தொகையையும் இணைத்துக் கொடுத்தது பலன் தந்தது. கென்யாவிலோ, தேர்வுக்கு முன் ஆயத்த வகுப்புகள் பெருகி மதிப்பெண் உயர்ந்து, திட்டம் முடிந்ததும் உயர்வும் மறைந்தது. பிள்ளைகள் கற்றது பாடத்தையா தேர்வெழுதும் உத்தியையா என்ற ஐயத்தை அது விட்டுச்சென்றது.

ஆகவே, பிணைக்கலாமா கூடாதா என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கேட்பவருக்கு இந்த அனுபவங்கள் உதவா. ஆசிரியர் வராத இடத்தில் வருகைக்கும், வந்தும் வகுப்பு நடக்காத இடத்தில், வெளியார் தேர்வு வைக்கும் ஏற்பாடு உறுதியாக இருந்தால் மாணவரின் முன்னேற்றத்துக்கும், நிலையான ஊதியத்தைத் தொடாமல் சிறுதொகை ஒன்றை மேலே வைப்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆசிரியரின் பிழைப்பையே மதிப்பெண்ணில் தொங்கவிடுவதற்குச் சான்று இல்லை. இதில் கசப்பான முரண் ஒன்றுண்டு: சில நூறு பள்ளிகளில் வெளியாரைக் கொண்டு தேர்வு நடத்தித் திருத்தலாம், 30,000க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகள் கொண்ட ஒரு மாநிலத்தில் ஆண்டுதோறும் அதைச் செய்ய வேண்டுமாயின், அளவெடுப்பவரின் செலவும் அவர்மேல் விழும் நெருக்கடியும் ஊக்கத்தொகையையே விழுங்கிவிடக் கூடும், செலவைக் குறைக்க அளவுகோலை ஆசிரியர் கையிலேயே கொடுத்தால், கோல் வளையும்.

தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகள் வகுப்பைப் பாராமல் கற்றல் நிலையைப் பார்த்து ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘மலர்’ என்று பிரிக்கப்பட்டு, அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி பெறுகின்றனர். எழுத்தை அடையாளம் காணவே தடுமாறும் குழந்தை அரும்பு. அதை அப்படி மதிப்பிட்டுச் செல்பேசிச் செயலியில் பதிவுசெய்பவர், கற்பிக்கும் அதே ஆசிரியர். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை இன்னும் அரும்பு நிலையைத் தாண்டவில்லை என்று அவர் பதிவதால், இன்றைக்கு அவர் ஊதியத்தில் ஒரு காசும் குறைவதில்லை. அதனால்தான் அந்தப் பதிவை நம்பி, அடுத்த ஆண்டு அப்பிள்ளையை ஏற்கும் ஆசிரியர் ‘அ’, ‘ஆ’விலிருந்து தொடங்க முடிகிறது.